ரோபோ கிட் வாங்கினால் மட்டும் போதுமா?

 

"ரோபோவின் தந்தை எங்கள் அல்-ஜஸரி" என்ற பதிவு அடிக்கடி எல்லா வட்ஸ்அப் குழுமங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. மாஷா அல்லாஹ். அதைப் பகிர்பவர்களிடம் ஆசிரியர்களாகிய நாம் ஒன்று கேட்கிறோம்: உங்கள் பிள்ளை உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறதா?

அல்-ஜஸரி 1206இல் தன் நூலை முடித்தார். யானைக் கடிகாரம், படகில் இருந்து இசைக்கும் பொம்மைகள் என்று பலவற்றை அதில் விளக்கினார். பெருமை பேசி எழுதிய நூலல்ல அது. எந்தப் பாகம் என்ன அளவு, எந்த உலோகம், எதை எதோடு பொருத்துவது என்று ஒரு கைவினைஞன் பார்த்துச் செய்யும்படி படத்தோடு எழுதினார். அவரைப் பகிர்கிறோம், அவருடைய வேலையைப் பகிர்வதில்லை.

இப்போது பாடசாலைகளில் ரோபோ கிட் கையளிப்பு விழா ஒரு மோஸ்தர். பேனர், பொன்னாடை, படம். மறுநாள் கிட் அலுமாரிக்குள். சாவி அதிபர் காரியாலயத்தில். எடுத்தால் உடைந்துவிடுமாம்!

உடையாமல் ரோபோ கற்ற ஊர் உலகில் எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1979இலேயே ரோபோக்களுக்கென்று தனி நிறுவகம் தொடங்கியது. 2004இல் மொஹாவி பாலைவனத்தில் சாரதியில்லா வாகனங்களுக்கு ஒரு போட்டி நடந்தது. தூரம் சுமார் 230 கிலோமீற்றர். அவர்களுடைய வாகனம் ஓடியது ஏறக்குறைய 12 கிலோமீற்றர், பிறகு சிக்கிக்கொண்டது. அன்று மிக அதிக தூரம் ஓடியதே அதுதான். ஒரு வாகனமும் முடிக்கவில்லை. எமதூரில் என்றால் அத்தோடு அலுமாரியைப் பூட்டியிருப்பார்கள். அவர்கள் பிழையைத் தேடினார்கள். 2005இல் இரண்டாம், மூன்றாம் இடம். 2007இல் நகர வீதிப் போட்டியில் முதலிடம்.

"அது பணக்கார நாட்டுக் கதை சேர்" என்பீர்கள். அந்த நிறுவகத்தின் முதல் பணிப்பாளர் ராஜ் ரெட்டி, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1994இல் கணினித் துறையின் உயர்ந்த பரிசான டியூரிங் விருது பெற்றார். அவருக்குக் கிராமம் தடையாகவில்லை.

தடை வேறெங்கோ இருக்கிறது. ஒலுவிலில், எமது வாசலிலேயே ஒரு பொறியியல் பீடம் இருக்கிறது. அதற்குள் நுழைய இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். ரோபோ என்பது கண்டதை அளந்து, கணக்குப் பார்த்து, அசைந்து, பிழையை மீண்டும் அளந்து திருத்தும் இயந்திரம். அதற்குள் இருப்பது முழுக்க இந்தக் கணிதமும் பௌதிகமும்தான். ஆனால் "கணிதம் கஷ்டம், ரிசல்ட் குறைந்துவிடும்" என்று பிள்ளையைத் திருப்பி அனுப்புவது யார்? "பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு எஞ்சினியரிங்?" என்று கேட்பது யார்?

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் பழைய மாணவர்களிடமும் நாம் கேட்பது நான்கு:

1. அலுமாரியைத் திறவுங்கள். வாரம் இரண்டு பின்னேரம் பிள்ளைகள் கையில் கிட் இருக்கட்டும். உடைந்தால் பாகம் வாங்கித் தாருங்கள்.

2. அயல் பாடசாலைகள் சேர்ந்து இணைந்த கணிதத்துக்கு ஒரே வகுப்பு நடத்தட்டும். ஆசிரியர் ஒருவர் போதும்.

3. பொறியியல் படிக்கும் எமது பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் அழைத்து வாருங்கள். பொன்னாடை வேண்டாம், போக்குவரத்துச் செலவு கொடுங்கள்.

4. ஈயப்பற்றுப் பிடிக்கும் மேசையில் பெண் பிள்ளைகளுக்கும் சம இடம் வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்போம். கையளிப்பு விழாவுக்கு ஒதுக்கிய காசே இதற்குப் போதும், இன்ஷா அல்லாஹ்.