வண்டிக்கு இடுங் காசு

என்னிடம் நன்னூல் பாடங் கேட்கும் மாணாக்கன் ஒருவன் நாலு கட்டை தூரத்திலிருந்து நாள்தோறும் துவிச்சக்கரவண்டியில் வந்து போகின்றான். வண்டி மலிந்த விலைக்கு வாங்கியது, வாங்கும்போதே பழையது. சென்ற தவணை முடிவில் அவனுடைய தந்தையார், வெங்காயம் விற்ற காசு மடியில் இருக்க, என்னைத் தேடி வந்தார்.

"ஐயா, இந்தச் சைக்கிளுக்குக் காசு போடலாமோ, பொறுத்திருந்து புதுசொண்டு எடுக்கலாமோ?" என்றார்.

இலக்கணம் படிப்பிப்பவனிடம் கேட்கும் கேள்வியா இது எனச் சிலர் நகைக்கலாம். நாற்பது ஆண்டாகச் சைக்கிள் மிதிப்பவனிடம் கேட்கத்தக்க கேள்வியே. துவிச்சக்கரவண்டி என்பது வடமொழி, ஈருருளி எனல் வேண்டும் என்பாரும் உளர். சொல்லுக; யான் தடுக்கேன். ஆயின் திருத்துங் கடையிற் போய் அப்படிச் சொன்னால் வேலை நடவாது.

கேள்வி ஆசிரியர் அறைக்கும் வந்தது. எங்கள் பொருளியல் ஆசிரியர் உடனே தீர்ப்புச் சொன்னார்: வண்டியின் பெறுமதியிற் பாதியை அதற்கே செலவிடுதல் மூடத்தனம், விற்கும்போது அக்காசு திரும்பி வராது. அது மெய். புதிய ரயர் போட்டமைக்காகப் பழைய வண்டியை எவரும் கூடிய விலைக்கு வாங்கார். ஆனால் அந்தக் கோலால் அளத்தல் பொருந்துமா? பையன் வண்டியை விற்பதற்கு வைத்திருக்கின்றானல்லன். போக வர எட்டு மைல். பாடசாலை நாள் ஆண்டுக்கு 200 என்று கொண்டால் 1,600 மைல். மூன்றாண்டில் 4,800 மைல். ஒரு சோடி ரயரின் விலையை இத்தனை மைலுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். பஸ் கட்டணத்தின் பக்கத்தில் வைக்கவும் ஆகாத சிறுதொகை அது.

ரயரை முதலிற் சொன்னமைக்குக் காரணமுண்டு. 1888 ஆம் ஆண்டிலே பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த டன்லப் என்னும் மிருக வைத்தியர் காற்றடைத்த ரயருக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவர் அதனை முதலிற் செய்தது பந்தயக்காரனுக்கன்று. தம் சிறு மகனின் முச்சக்கரவண்டிக்கு. அவருக்கு முன்னரே, 1845 இல், தொம்சன் என்பவர் அத்தகைய ரயரைப் பதிவு செய்திருந்தமையால் டன்லப்பின் உரிமை பின்னர் செல்லாதாயிற்று. உரிமை போயிற்று, ரயர் நின்றது. சைக்கிளுக்கு நேர்ந்த திருத்தங்களுள் இதனினும் பெரிது ஒன்றை யான் அறியேன். அதுவோ ஒரு பிள்ளையின் விளையாட்டு வண்டிக்குத் தகப்பன் செய்த செலவு!

நூல் தெரியும்படி தேய்ந்த ரயருக்கு வேண்டிய அளவு காற்றடிக்க நாம் அஞ்சுகின்றோம். காற்றுக் குறைந்தால் வண்டி இழுபடுகிறது. றிம் கல்லில் அடிபட்டு நெளிகிறது. பின்னர் வண்டி பாரம் என்று வண்டியைக் குறை சொல்லுகின்றோம்.

அடுத்தது பிறேக். இங்கே என் சொந்தக் கதை ஒன்று குறுக்கிடுகிறது. சில ஆண்டுகளின் முன் ஒரு மாரிநாளில், தேய்ந்த பிறேக் கட்டையை "அடுத்த கிழமை மாற்றுவோம், அடுத்த கிழமை மாற்றுவோம்" என்று தள்ளி வைத்திருந்த யான், ஒழுங்கையிலிருந்து வெளிப்பட்ட ஒரு பசுவைக் கண்டு பிறேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றிலது. பசு அசையாது நின்றது. யான் ஓலை வேலியைப் பிளந்துகொண்டு ஒரு வளவுக்குட் போய் இருந்தேன். முலாம் பூசிய இரும்பு றிம் ஈரம் பட்டால், நல்ல றப்பர்க் கட்டையே அதனைச் செவ்வனே பற்றாது. தேய்ந்த கட்டை எங்ஙனம் பற்றும்? மாற்றியிருந்தால் சிறு செலவு. வேலி அடைத்துக் கொடுத்த செலவு அதனிற் பன்மடங்கு. முழங்கால் நோவைக் கணக்கிற் சேர்த்திலேன்.

அலுமினிய றிம் ஈரத்திலும் நன்கு பற்றும் என்பர், உண்மையே. ஆயினும் கம்பிப் பிறேக்குள்ள பழைய வண்டியிலே றிம்மை மாற்றப் புகுந்தால் பிறேக்கையும் மாற்ற நேரும். செலவு செலவை ஈனும். அவ்விடத்தில் யான் பொருளியல் ஆசிரியரின் பக்கம்.

செயினைப் பார்க்கக் கடைக்குப் போகவேண்டியதில்லை. மாணாக்கனின் அடிமட்டம் போதும். ஓர் ஆணியைச் சுழியிலே வைத்தால், அதிலிருந்து எண்ண 24 ஆம் ஆணி 12 அங்குலக் கோட்டில் நிற்றல் வேண்டும். அங்குலத்திற் பதினாறில் ஒரு பங்கு கடந்திருந்தால் செயினை மாற்றுக. எட்டில் ஒரு பங்கு கடந்திருந்தால் அது பல்லுகளையும் தின்றுவிட்டது; அவற்றையும் மாற்றவேண்டி வரும்.

பையன் பெரிதும் விரும்பியது கியர். சோளகக் காற்றுக்கு எதிரே மிதித்து வருபவன் விரும்பாமல் என்செய்வான்? மலையகத்தவனாயின் அவன் கேட்டது நியாயம். எங்கள் தரையோ பலகைபோல் மட்டமானது. வண்டியின் பல்லுகளை எண்ணினேன்: முன்னே 44, பின்னே 18. பெடல் ஒருமுறை சுற்ற, 28 அங்குலச் சில்லு ஏறத்தாழ 18 அடி போகும். பின்னே 20 பல்லுள்ள பிறீவீல் பூட்டினால் 16 அடி போகும். வேகம் சற்றுக் குறையும். காலுக்குப் பத்தில் ஒரு பங்கு பாரமும் குறையும். கியர் பூட்டும் செலவில் மிகச் சிறு பகுதியோடு காரியம் முடிந்தது.

நன்னூலார் விகாரத்தை மூன்றாக வகுத்தார்: தோன்றல், திரிதல், கெடுதல். வண்டித் திருத்தத்துக்கும் இவையே. இளைஞர் தோன்றலையே நாடுகின்றனர். முன்னே சுருள்வில், பக்கத்துக்கொரு கண்ணாடி, கைபிடியிற் குஞ்சம். மலிந்த சுருள்வில் பாரத்தைக் கூட்டும். மிதிப்பவனின் பலத்தையும் பங்கு கேட்கும். கெடுதலின் பயனை எவரும் நினைப்பதில்லை. பையனின் வண்டியிலிருந்து உடைந்த கூடையையும் எரியாத டைனமோவையும் கழற்றினோம். சத்தத்திற் பாதி போயிற்று. ஒரு சதமும் செலவில்லை. இருட்டுக்கு ஒரு சிறு பற்றரி விளக்கு வாங்கச் சொன்னேன்.

டைனமோவைக் கழற்றும்போது மனம் சற்றுக் கூசிற்று. 1990 இன் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்டிருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுழற்றி, அந்த டைனமோவின் மின்னிலே வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். நோயாளியும் விறகும் நெல்லும் சைக்கிளிலேயே போயின. பழைய ரயருக்குள் வேறொரு ரயர்த் துண்டை வைத்து ஓடினோம். அந்நாளில் மலிந்த வண்டி, விலையுயர்ந்த வண்டி என்னும் பேச்சே இல்லை. ஓடும் வண்டி, ஓடாத வண்டி என்னும் இரண்டே இருந்தன. 2022 இல் எரிபொருள் இல்லாமற் போனபோதும் சைக்கிளின் விலை ஏறிற்று. பழையதைப் பேணி வைத்திருந்தவர் கடைவாசலில் நில்லாது மிதித்துக்கொண்டு போயினர்.

எல்லா வண்டிக்கும் காசு இடுக என்கின்றேனல்லேன். சட்டம் வெடித்ததாயின், ஏறுபவனின் காலுக்கு எட்டாத உயரமாயின், எந்தப் புது உறுப்பும் அதனை மீட்காது, கைவிடுக. பையனின் வண்டியில் அக்குற்றங்கள் இல்லை. ஆகவே தந்தையாருக்குச் சொன்னேன்: இரண்டு ரயர், நாலு பிறேக் கட்டை, செயின், பிறீவீல், அச்சுகளுக்குப் புதிய குண்டும் கிறீசும். மிச்சக் காசு மடியிலேயே இருக்கட்டும்.

பையன் இப்பொழுது மணி அடிக்குமுன் வந்துவிடுகின்றான். கியர் ஆசை முற்றும் தீர்ந்திலது போலும். அயல் வீட்டுப் பிள்ளையின் வண்டியைப் பற்றி இடையிடையே சொல்லுகின்றான். பொருளியல் ஆசிரியரும் இன்னும் உடன்பட்டாரல்லர். தம்முடைய பழைய மோட்டார் சைக்கிளுக்கு அண்மையிற் புதிய சீற் உறை தைப்பித்திருக்கின்றார். நல்ல சிவப்பு. விலை என்னவென்று யான் கேட்டிலேன்.