ஓராண்டுக்குப் பிறகு யார் பார்ப்பது?

காதொலிக் கருவியை அரசிடம் பெறுவதா, கடையில் வாங்குவதா? ஓய்வுபெற்ற நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம், வருமானம் குறைந்த முதியோருக்கு 2017 முதல் இதனை இலவசமாக வழங்குகிறது. பராமரிப்பும் ஓராண்டுக்கு இலவசம். செவித்திறனோ ஆண்டுதோறும் மாறக்கூடியது. பேட்டரி ஓரிரு வாரங்களில் தீரும். அதன்பின் கருவி மேசை இழுப்பறைக்குள் போய்விட்டால், அரசு செலவிட்டதும் வீண்தான். தனியார் கடைகள் பலவற்றில் செவியைச் சோதிப்பவரே விற்பவர். கருவிக்கு எவ்வளவு, பொருத்திச் சரிசெய்வதற்கு எவ்வளவு என்று விலையைப் பிரித்துச் சொல்வதும் அரிது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை கருவியை இரவலாகத் தருகிறது; பேட்டரியும் பழுதுபார்ப்பும் அதில் அடக்கம். நம் திட்டத்திலும் பராமரிப்புக் காலத்தை நீட்டி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையிடம் அப்பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். கடைக்குச் செல்வோர் விலையைப் பிரித்துக் கேட்கட்டும்.