பாதுகாப்பு என்ற சொல்லை எழுதுவது யார்?



கடந்த மாதம் றொசல்லையில் நடந்த எங்கள் பெண்கள் குழுக் கூட்டத்தில் ஒரு தாய்க்கும் மகளுக்கும் இடையில் சின்னதாக ஒரு மனஸ்தாபம் வந்தது. மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவள். அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று ஓர் அக்கா கேட்டார். "அரசறிவியல் படிச்சு, நாட்டுப் பாதுகாப்புக் கொள்கை எழுதுற வேலைக்குப் போகணும். தலைவர்மாருக்குப் பேச்சு எழுதிக் குடுக்கிறவங்களும் இருக்காங்களாம், அதுவும் புடிக்கும்" என்றாள். டீச்சர், நர்ஸ் என்ற பதில்களையே கேட்டுப் பழகிய கூட்டம் சிரித்தது. தாய் மட்டும் சிரிக்கவில்லை.

"பாதுகாப்புன்னு சொன்னாலே எனக்கு முள்ளுக்கம்பிதான் மிஸ் ஞாபகம் வருது. அந்த வேலை நம்ம புள்ளைக்கு வேணாம்."

அவருடைய கதை உங்களில் பலருக்குப் புதியதல்ல. 1983 கலவரத்துக்குப் பிறகு, இனி தோட்டத்தில் இருப்பது பயம் என்று பெற்றோர் கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். பாதுகாப்புத் தேடித்தான் போனார்கள். அங்கே வளர்ந்து, கல்யாணம் முடித்து, கணவரையும் அங்கேயே இழந்து, 2009இல் இந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போனவர். பிறகுதான் றொசல்லையில் சித்தி வீட்டுக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார். கூட்டத்தில் இருந்த இன்னொரு அக்காவின் தம்பி, கொழும்பில் கடையில் நின்றபோது பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர். 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம் அது.

அன்று அந்தத் தாய்க்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வாழ்ந்த ஒவ்வோர் இடத்துக்கும் யாரோ ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். முள்ளுக்கம்பி போட்ட முகாமுக்கு "நலன்புரி நிலையம்" என்று பெயர். 1995இல் யாழ்ப்பாணத்தை நோக்கி நடந்த யுத்தத்துக்குச் "சமாதானத்துக்கான யுத்தம்" என்று பெயர். கடைசி யுத்தத்துக்கு "மனிதாபிமான நடவடிக்கை" என்று பெயர். 2009இல் வன்னியில் மூன்று முறை "பாதுகாப்பு வலயம்" அறிவித்தார்கள். அந்த வலயங்களுக்குள் எறிகணைகள் விழுந்ததை 2011இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை எழுதியது. மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்ததையும் அதே அறிக்கைதான் எழுதியது.

இந்தப் பெயர்கள் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு மேசையில் இருந்து யாரோ எழுதினார்கள். அந்த மேசையில் இருப்பதுதான் இந்தப் பிள்ளை கேட்ட வேலை.

தேசியப் பாதுகாப்புக் கொள்கை என்றால் துப்பாக்கியோடு நிற்பது என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் கடதாசி வேலை. எது ஆபத்து, யாருக்கு ஆபத்து, அதற்கு என்ன செய்யலாம், செய்தால் என்ன விளையும் என்று தகவல் சேர்த்து, தீர்மானம் எடுப்பவருக்குச் சுருக்கமாக எழுதிக் கொடுப்பது. இந்தியாவில் இந்தத் துறைக்கு வழிகாட்டியாகச் சொல்லப்படும் கே. சுப்பிரமணியம் 1929இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த தமிழர். இரசாயனம் படித்து நிர்வாக சேவைக்குப் போனவர், இராணுவத்தவர் அல்ல. 1999இல் கார்கில் போர் முடிந்ததும், எங்கே பிழை நடந்தது என்று ஆராய்ந்த குழுவுக்கு அவரையே தலைவராக வைத்தார்கள்.

பேச்சு எழுதுவது இதற்கு அடுத்த படி. எடுத்த தீர்மானத்தை மக்களுக்குச் சொல்லும் வார்த்தைகளைத் தேடுவது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பென் றோட்ஸ் என்பவர் கதை எழுதப் படித்தவர். ஒரு முன்னாள் காங்கிரஸ் உறுப்பினரிடம் உதவியாளராகச் சேர்ந்து, ஈராக் யுத்தம் பற்றிய 2006ஆம் ஆண்டு அறிக்கையை எழுத உதவினார். பிறகு பராக் ஒபாமாவுக்குப் பேச்சு எழுதுபவராகி, 2009 ஜூனில் கெய்ரோவில் முஸ்லிம் உலகத்தை நோக்கி ஒபாமா நிகழ்த்திய உரையை எழுதினார். 2017 வரை வெள்ளை மாளிகையில் பாதுகாப்பு ஆலோசகர்களில் ஒருவராகவும் இருந்தார்.

ஒரு பேச்சு என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். நம் நாட்டையே பாருங்கள். 1983 ஜூலையில் வீடுகள் எரிந்து நாட்கள் கழிந்த பிறகு, 28ஆம் திகதிதான் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன தொலைக்காட்சியில் பேசினார். பிரிவினைக்கு எதிராகச் சட்டம் வரும் என்றார். வீட்டையும் உயிரையும் இழந்த தமிழருக்கு ஓர் அனுதாப வார்த்தை அதில் இருக்கவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான், இனி இங்கே நமக்கு இடமில்லை என்று பலர் மூட்டை கட்டினார்கள். 21 வருடம் கழித்து, 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அந்த வன்செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2009 மே 19ஆம் திகதி பாராளுமன்றத்தில் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ தன் உரையின் ஒரு பகுதியைத் தமிழில் பேசினார். பேசிய தமிழ் பேசியபடி நடந்ததா என்பதற்கு உங்களை விடச் சாட்சி வேறு யார்? ஆனாலும் ஒரு வார்த்தை இருப்பதும் இல்லாமல் போவதும் ஒன்றல்ல.

இந்த மேசையில் பெண்கள் இருந்ததே இல்லையா என்றால், இருந்தார்கள். நம் நாட்டுத் தமிழ்ப் பெண் ராதிகா குமாரசுவாமி, சட்டம் படித்தவர். 1994 முதல் 2003 வரை பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐ.நா.வின் முதலாவது விசேட அறிக்கையாளராக இருந்தார். பின்னர் 2006 முதல் 2012 வரை, யுத்தத்தில் சிக்கிய சிறுவர்களுக்கான ஐ.நா. செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதி. பெண்கள், சமாதானம், பாதுகாப்பு பற்றிய 1325ஆம் இலக்கத் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000 அக்டோபர் 31இல் நிறைவேற்றியது. 15 வருடத்தில் அது என்ன ஆனது என்று 2015இல் வந்த உலக ஆய்வை எழுதும் பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவர் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தவர், நம் லயத்துப் பிள்ளைகள் நிற்கும் இடம் வேறு. அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை.

இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் நடந்த சமாதானப் பேச்சில், பெண்களுக்கென ஓர் உபகுழு அமைக்க இரண்டு பக்கமும் சம்மதித்தன. அரசாங்கம் நியமித்த ஐந்து பெண்களும் புலிகள் நியமித்த ஐந்து பெண்களும் 2003 மார்ச் 5, 6ஆம் திகதிகளில் கிளிநொச்சியில் ஒன்றாக இருந்து பேசினார்கள். மீள்குடியேற்றம், உடற்பாதுகாப்பு, ஜீவனோபாயம், அரசியலில் பெண்களின் பங்கு என்று வேலைத் தலைப்புகளை எழுதினார்கள். ஆண்களின் மேசையில் எல்லைக்கோடும் ஆயுதமும் பேசப்பட்ட அதே காலத்தில், பாதுகாப்பு என்பதற்குள் வீட்டையும் உடம்பையும் சாப்பாட்டையும் இவர்கள் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதமே பெரிய பேச்சு நின்றது. அதோடு உபகுழுவும் நின்றுபோனது. 1325க்கான தேசியச் செயற்திட்டம் இலங்கைக்கு வர 2023 ஆனது.

பிள்ளைக்கு வழி என்ன என்று பார்ப்போம். உயர்தரத்தில் அரசறிவியல், வரலாறு, மொழிப் பாடங்கள் உதவும். பேராதனையிலும் கொழும்பிலும் அரசறிவியல் படிக்கலாம். பட்டம் பெற்றபின் வெளிநாட்டுச் சேவைக்கும் நிர்வாக சேவைக்கும் போட்டிப் பரீட்சை இருக்கிறது. கொழும்பில் பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கைகள் நிலையத்தில் சர்வதேச உறவுகள் படிக்கலாம். அரச வேலையே வேண்டும் என்றும் இல்லை. பாராளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் மனித உரிமை அமைப்புகளிலும் இப்படி எழுதுகிறவர்கள் தேவை. ஆனால் மூன்று மொழியும் வேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் இல்லாமல் கொழும்பு மேசையில் நாற்காலி கிடைக்காது. தமிழ் தெரியாதவர்கள் நிறைந்த அதே மேசையில் நம் தமிழ் ஒரு பெரிய தகுதி என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இதையெல்லாம் போன கிழமை அந்தத் தாயிடம் போய்ச் சொன்னேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, கை கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி மிஸ், இவளும் அங்க போய், பெரியவங்க சொல்றதைத்தானே எழுதுவா? முள்ளுக்கம்பிக்கு இவளே நல்ல பேரு வெச்சுக் குடுத்தா நான் என்ன செய்ய?" என்றார்.

சமூகவியல் படித்த எனக்கு எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு கேள்வி கிடைத்ததில்லை. அது நடக்கலாம் அக்கா என்றேன். பேச்சு எழுதுகிறவர் இன்னொருவர் வாய்க்கு எழுதுகிறார். தீர்மானம் அவர் கையில் இல்லை. முடியாது என்று எழுந்து வரவும் தெரிந்திருக்க வேண்டும். ஆபத்தும் இல்லை என்று சொல்ல முடியாது. அதிகாரப் பகிர்வுத் தீர்வு யோசனைகளை எழுதுவதில் பங்கெடுத்த நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29இல் கொழும்பில் புலிகளின் தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்டார். இதையும் அவரிடம் சொன்னேன். பிள்ளைக்குத் தெரிந்துதான் போக வேண்டும்.

மகள் எழுந்து போய் ஒரு கொப்பியைக் கொண்டு வந்தாள். தோட்டத்து மகளிர் தின விழாவில் தலைவி அக்கா பேசுவதற்கு அவள் எழுதிய இரண்டு பக்கப் பேச்சு. வாசிக்கச் சொன்னோம். நன்றாகத்தான் எழுதியிருந்தாள், அலங்காரம் கொஞ்சம் அதிகம். நடுவில், "2009இல் நலன்புரி நிலையங்களில் வாழ்ந்த எம் சகோதரிகள்" என்று வந்தது.

"அதை வெட்டு" என்றார் தாய். "முகாம்னு எழுது. வாழ்ந்தன்னு போடாத, அடைச்சு வெச்சிருந்தாங்கன்னு போடு."

மகள் பேனையை எடுத்து வெட்டினாள். பிறகு தாய் என் பக்கம் திரும்பி, சிங்கள வகுப்பு ஹட்டனில் எந்த நாளில் நடக்கிறது, மாதம் எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்தார். ஞாயிறு காலையில் என்றால் பஸ் காசு மட்டும்தான் யோசனை என்றார்.