கைப்பேசி நம்முடையது, பூட்டு யாருடையது?

வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டைச் சற்றுக் கவனியுங்கள். கோவையில் செய்த கிரைண்டரை அதில் மாட்டலாம். வெளிநாட்டில் செய்த கம்ப்யூட்டரையும் மாட்டலாம். மின்சார வாரியம் மின்சாரம் தருவதோடு நின்றுவிடுகிறது. "நாங்கள் விற்கும் விசிறிதான் எங்கள் மின்சாரத்தில் சுழலும்" என்று அது சொல்வதில்லை. விசிறி செய்பவர் வேறு. மின்சாரம் தருபவர் வேறு. இருவரையும் சேர்த்துவைப்பது ஒரு பொதுவான செருகி. அதன் அளவும் மின்னழுத்தமும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதனால்தான் விசிறிக் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டியிட முடிகிறது. நாமும் விரும்பியதை வாங்க முடிகிறது.

கைப்பேசி உலகில் இந்த எளிய நியாயம் தானாக வந்துவிடவில்லை. கருவி செய்யும் கம்பெனி, அலைகளை அனுப்பும் சேவைக் கம்பெனி, பணம் கொடுத்து வாங்குபவர் ஆகிய மூவருக்கும் இடையே நடந்த இழுபறியில்தான் அது சிறிது சிறிதாகப் பெறப்பட்டது. அந்த இழுபறி வெளிப்படையாக நடந்த நாடுகளுள் ஒன்று அமெரிக்கா. அங்கு நடந்தவற்றைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். போட்டி என்பது சந்தையில் எத்தனை கம்பெனிகள் உள்ளன என்பதை மட்டும் பொறுத்ததன்று. கருவியும் சேவையும் சந்திக்கும் இணைப்பு திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்பதையும் பொறுத்தது. அந்த இணைப்பு திறந்தே இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

கம்பிக் காலத்துப் பாடம்

கைப்பேசிக்கு முன் கம்பித் தொலைபேசி இருந்தது. அமெரிக்காவில் அதன் பெரும்பகுதி ஏ.டி. அண்ட் டி. என்ற ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. கம்பி அதனுடையது, வீட்டில் இருந்த தொலைபேசிக் கருவியும் அதனுடையதே. பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமலிருக்க, தொலைபேசியின் வாய்ப்பகுதியில் மாட்டும் ஒரு சிறிய மூடியை வேறொரு கம்பெனி விற்றது. ஒரு கிண்ணம் போன்ற அந்த மூடியைக்கூட ஏ.டி. அண்ட் டி. தடுக்க முயன்றது. 1956-ஆம் ஆண்டில் நீதிமன்றம் மூடிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அடுத்து டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர், இருவழி ரேடியோவைத் தொலைபேசியோடு சேர்க்கும் ஒரு கருவியைச் செய்தார். எண்ணெய் வயல்கள் போன்ற தொலைவான இடங்களில் வேலை செய்வோருக்கு அது உதவியது. 'எங்கள் வலையமைப்பு கெட்டுவிடும்' என்று தொலைபேசிக் கம்பெனி எதிர்த்தது. ஆனால் 1968-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத கருவியைத் தடுக்க முடியாது என்று தீர்ப்புக் கூறியது.

இதன் விளைவு என்ன? பிற கம்பெனிகள் செய்த தொலைபேசிகள் வந்தன, பதில் பதிவுசெய்யும் கருவிகள் வந்தன, தொலைநகல் பெருகியது, கம்ப்யூட்டரைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம் வீடுகளுக்குள் வந்தது. பின்னர் 1990-களில் இணையம் பல வீடுகளை எட்டியது அந்த மோடத்தின் வழியாகத்தான். ஓர் இணைப்பைத் திறந்துவிட்டபோது, அதன் வழியே என்னென்ன வரப்போகின்றன என்று எவரும் முன்கூட்டி எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

அலைகளுக்கு ஏன் பஞ்சம்?

கம்பி போய் அலை வந்ததும் போட்டி தானாகவே பெருகியிருக்க வேண்டாமா? அங்குதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. கைப்பேசிகள் பெரும்பாலும் 600 மெகாஹெர்ட்சிலிருந்து சில ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ரேடியோ அலைகளைப் பயன்படுத்துகின்றன. ஒரே இடத்தில் ஒரே அதிர்வெண்ணில் இரு கம்பெனிகள் தம் விருப்பம்போல் ஒலிபரப்பினால் ஒன்றையொன்று குழப்பிவிடும். ஆகவே அரசு அலைவரிசைகளைப் பகுத்து உரிமம் கொடுக்கிறது. அமெரிக்காவில் 1994 முதல் ஏலத்தில் விற்கிறது.

அலைக்கற்றை நிலத்தைப் போன்றது. வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்ய முடியாது. எனவே கைப்பேசி செய்யப் பல கம்பெனிகள் முன்வரலாம்; நாடு முழுவதும் சேவை தரும் கம்பெனிகளோ சிலவாகத்தான் இருக்கமுடியும். ஐபோன் வந்த 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அத்தகைய பெரிய கம்பெனிகள் நான்கே: ஏ.டி. அண்ட் டி., வெரைசான், ஸ்பிரிண்ட், டி-மொபைல். கருவி செய்வோர் பலர், வாசல் நான்கு என்றால் வாசற்காவலர் சொல்வதே சட்டம். 2004-இல் வெரைசான் விற்ற மோட்டரோலா வி710 என்ற கைப்பேசியில் புளூடூத் இருந்தது; ஆனால் அதன் மூலம் படங்களைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வசதி முடக்கப்பட்டிருந்தது. செய்தவருக்குத் தெரிந்த வித்தையை விற்றவர் மறைத்துவிட்டார்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு சிம் அட்டையிலும் 15 இலக்கம் வரையுள்ள ஓர் அடையாள எண் பதிவாகியிருக்கும். நாம் பிறருக்குக் கொடுக்கும் தொலைபேசி எண் அன்று இது. இதன் முதல் 3 இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். அமெரிக்காவுக்கு 310 போன்ற எண்கள். இந்தியாவுக்கு 404, 405 போன்றவை. அடுத்த 2 அல்லது 3 இலக்கங்கள் சேவைக் கம்பெனியைக் குறிக்கும். பூட்டிய கைப்பேசி, சிம் அட்டையைச் செருகியவுடன் இந்த இலக்கங்களைப் படித்துப் பார்க்கும். குறித்த கம்பெனியின் எண் இல்லையென்றால் வேலை செய்ய மறுத்துவிடும். கருவியில் எந்தக் குறையும் இல்லை, அலையிலும் குறையில்லை. இரண்டு எண்களை ஒப்பிடும் ஒரு சிறு கட்டளைதான் குறுக்கே நிற்கிறது.

சிம் அட்டை பிறந்த காரணத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். 1987-இல் ஐரோப்பாவின் 13 நாடுகளைச் சேர்ந்த தொலைபேசி அமைப்புகள் ஒரு பொதுத் தரத்துக்கு ஒப்புக்கொண்டன. ஜி.எஸ்.எம். எனப்படும் அந்த முறையில் முதல் சேவை 1991-இல் பின்லாந்தில் தொடங்கியது. கருவி வேறு, சந்தா வேறு என்று பிரித்து, சந்தாவை ஒரு சிறு அட்டையில் அடக்கியது அந்த முறையின் சிறப்பு. அட்டையை மாற்றினால் கம்பெனி மாறும், கருவி மாறவேண்டியதில்லை. இவ்வாறு பிரிப்பதற்கென்றே செய்த அட்டையைப் பூட்டின் சாவித்துளையாக மாற்றியதுதான் வேடிக்கை.

2007 ஜூன் 29 அன்று ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதை ஏ.டி. அண்ட் டி. சேவையில் மட்டுமே பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயது இளைஞர், சால்டரிங் கருவியையும் கம்ப்யூட்டரையும் துணைகொண்டு அந்தப் பூட்டைத் திறந்துகாட்டினார். உங்கள் வயதை ஒட்டிய ஒருவர்! இருப்பினும் சாதாரண மக்களுக்கு வேறு கம்பெனியின் ஐபோன் கிடைக்க 2011 பிப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போதுதான் வெரைசான் அதை விற்கத் தொடங்கியது. அந்த ஐபோனிலோ சிம் அட்டைக்கு இடமே இல்லை. வெரைசான் பின்பற்றிய சி.டி.எம்.ஏ. முறை அதைக் கேட்கவில்லை.

மறுபக்கத்தின் வாதம்

பூட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதையும் கேட்கவேண்டும். 2008-இல் வந்த ஐபோனின் விலை, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துடன் 199 டாலர். உண்மை விலை அதைவிடப் பல மடங்கு. மீதியைச் சேவைக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, மாதக் கட்டணத்தில் திரும்பப் பெற்றது. கைப்பேசியை மலிவாக வாங்கியவர் மறுநாளே வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் நட்டம் யாருக்கு என்று அவர்கள் கேட்டார்கள். இது நியாயமான கேள்வியே. மேலும், ஐபோன் கிடைக்காத கம்பெனிகள்தாம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு ஆதரவளித்தன. முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி 2008-இல் அங்கே டி-மொபைல் வழியாகத்தான் வந்தது. ஆகவே தனியுரிமை ஏற்பாடும் ஒருவகையில் போட்டியைத் தூண்டியது எனலாம்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சேவைக் கம்பெனி 400 டாலர் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். 24 மாதங்களில் அதை மீட்க, மாதம் 17 டாலருக்குச் சற்றுக் குறைவாக வாங்கினால் போதும். இடையில் விலகுபவரிடம் மீதியைக் கேட்க ஒப்பந்தமே இடம் தருகிறது. அப்படியானால் பூட்டு எதற்கு? கடனை வசூலிக்க அன்று. வெளியூர் போகும்போது உள்ளூர் சிம் அட்டையைச் செருகாமல் தடுக்க, பழைய கைப்பேசியைத் தம்பி தங்கைக்குக் கொடுக்காமல் தடுக்க, அடுத்த கம்பெனியின் விலையை ஒப்பிடாமல் தடுக்க. கடன் தீர்ந்த பிறகும் கழற்றாத விலங்கைக் கடனுக்கான ஈடு என்று சொல்வது பொருந்தாது.

நூலகரிடம் அனுமதி

பூட்டைத் திறப்பது குற்றமா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு அங்கு யாரிடம் போய்ச் சேர்ந்தது தெரியுமா? நூலகரிடம்! 1998-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் மின்னணுப் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்தது. பாடல்களையும் படங்களையும் காப்பதற்கு வந்த சட்டம் அது. கைப்பேசிக்குள்ளும் மென்பொருள் இருப்பதால் கைப்பேசியும் அதன் வலையில் சிக்கியது. விலக்கு அளிக்கும் அதிகாரம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைவருக்கு இருந்தது. 2006-இல் அவர் விலக்கு அளித்தார். ஆனால் 2013 ஜனவரி 26-க்குப் பின் வாங்கும் கைப்பேசிகளுக்கு அந்த விலக்கு நீட்டிக்கப்படவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனு அனுப்பினர். 2014 ஆகஸ்டில் புதிய சட்டமே இயற்றி அந்த உரிமையை மீட்டுக் கொடுத்தார்கள்.

எண்ணும் ஒரு பூட்டே

கருவியைப் போலவே தொலைபேசி எண்ணும் மனிதரைக் கட்டிப்போடும். நண்பர்கள், கடைகள், வங்கி என்று எல்லோருக்கும் கொடுத்த எண்ணை இழக்க யார் துணிவார்? அமெரிக்காவில் 2003 நவம்பரில் எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி கைப்பேசிகளுக்கு வந்தது. நம் நாட்டில் அது 2010 நவம்பரில் ஹரியாணாவில் தொடங்கி, 2011 ஜனவரியில் நாடெங்கும் பரவியது.

இணைப்பு திறந்திருந்தாலும் போட்டியாளர்கள் இருந்தால்தானே பயன்? 2011-இல் ஏ.டி. அண்ட் டி., 39 பில்லியன் டாலருக்கு டி-மொபைலை வாங்க முனைந்தது. அரசின் நீதித்துறை வழக்குத் தொடுத்தது, திட்டம் கைவிடப்பட்டது. தப்பிப் பிழைத்த டி-மொபைல் 2013-இல் செய்தது என்ன? கைப்பேசியின் விலையையும் சேவைக் கட்டணத்தையும் தனித்தனியே பிரித்து, இரண்டு ஆண்டு ஒப்பந்த முறையைக் கைவிட்டது. சில ஆண்டுகளில் மற்றவையும் அவ்வழியே வந்தன. விழுங்கப்பட இருந்த கம்பெனியே வழக்கத்தை மாற்றியது. பின்னர் 2020-இல் டி-மொபைலே ஸ்பிரிண்டைச் சேர்த்துக்கொள்ள, நான்கு மூன்றாயிற்று.

காவலர் மாறுகிறார்

கதை இத்துடன் முடியவில்லை. முன்பு சேவைக் கம்பெனி வைத்திருந்த சாவி இப்போது கைப்பேசி செய்பவரின் கைக்கு மாறிவருகிறது. எந்தச் செயலியை ஏற்றலாம், எந்தக் கடிகாரம் நன்றாக இணையும் என்பதையெல்லாம் அவர் தீர்மானிக்கிறார். 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் ஆப்பிள் மீது ஏகபோக வழக்குத் தொடுத்தன. ஆப்பிள் குற்றச்சாட்டை மறுத்தது. ஐரோப்பாவிலோ, கைப்பேசிகளுக்கு ஒரே வகை மின்னேற்றச் செருகி வேண்டும் என்ற விதி 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம் வீட்டுப் பிளக் பாயிண்டின் நியாயம் கைப்பேசியின் அடிப்பக்கத்துக்கும் வந்துவிட்டது!

2022 முதல் அமெரிக்காவில் விற்கும் புதிய ஐபோன்களில் சிம் அட்டை செருகும் இடமே இல்லை. அட்டையின் வேலையை உள்ளிருக்கும் சில்லு செய்கிறது. கடைக்குப் போகாமல் சில நிமிடங்களில் கம்பெனி மாற இது உதவும். ஆனால் அட்டையைக் கையால் கழற்றி மாட்ட எவர் அனுமதியும் வேண்டியதில்லை. சில்லுக்கோ மென்பொருளின் சம்மதம் வேண்டும். அந்த மென்பொருளை எழுதுபவர் நேர்மையாக எழுதினால் அது திறந்த கதவு. இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத பூட்டு.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள்; சிலர் சட்டம் இயற்றும் இடத்தில் அமர்வீர்கள்; எல்லோரும் வாங்குபவர் ஆவீர்கள். ஒரு கருவியைக் கையில் எடுக்கும்போது அதன் வேகத்தையும் காமிராவையும் மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். இது வேறொன்றோடு இணையும் இடம் எது, அந்த இடத்தின் தரம் பொதுவானதா, அதன் சாவி யாரிடம் என்று கேளுங்கள். எண்ணெய் வயலுக்குத் தொலைபேசியைக் கொண்டுசெல்ல நினைத்த ஒருவர் 1968-இல் பெற்ற தீர்ப்பு மோடத்துக்கு வழிவிட்டது. நீங்கள் செய்யப்போகும் கருவிக்கும் அத்தகைய ஒரு திறந்த இணைப்பு தேவைப்படும்.