சென்ட், சதுர அடி, அப்புறம் 'வியூ'

கள்ளக்குறிச்சி பக்கம் வீடு, மனை வாங்கவோ விக்கவோ போற மக்களே, புரோக்கர் என்ன விலை சொல்றார்ங்கறதை விட, எந்த அளவுல சொல்றார்னு கவனிங்க.

வயக்காட்டை வாங்கும்போது பேச்சு ஏக்கர்ல, இல்லைன்னா சென்ட்ல. அதுல கல்லு நட்டு கலர் கொடி கட்டினதும் சதுர அடிக்கு மாறிடும். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஏக்கர் 20 லட்சம்னு சும்மா கணக்குக்கு வெச்சுக்குவோம். சதுர அடிக்கு 46 ரூபாய்தான் வருது. ரோடு, பார்க்குன்னு 40 சதவீதம் கழிச்சாலும் 77 தாண்டாது. அதையே "நானூறு ரூபாய்தான் சார்"னு சொல்றப்ப சீப்பா தெரியுது பாருங்க! லே-அவுட் போட்டவருக்கு லாபமே வேணாம்னு சொல்லலை. பெருக்கிப் பார்த்துட்டு பேசுங்க, அவ்ளோதான்.

எனக்கு எரிச்சல் வர்றது ஓட்டு வீட்டு விஷயத்துல. எங்க தெருவுல ஒரு பெரியம்மா பொண்ணு கல்யாணத்துக்காக வீட்டை விக்க நின்னாங்க. "வீட்டுக்கு மதிப்பே கிடையாதும்மா, இடிக்கற கூலி எங்களுக்கு தெண்டம், இடத்துக்கு மட்டும்தான் ரேட்டு"ன்னார் புரோக்கர். வாங்க வந்தவர்கிட்ட அதே வாய், "தேக்கு உத்தரம் சார், வெயில் காலத்துல ஃபேனே வேணாம், நாளைக்கே பால் காய்ச்சலாம்"னுது. ஒரே கூரைக்கு ரெண்டு நாக்கு. பழைய மரமும் ஓடும் தனியா காசாகும்னு அந்தம்மாவுக்கு யாரும் சொல்லலை. விக்கறவங்க ஒரு ஆசாரியைக் கூட்டிட்டு வந்து மரத்தை மட்டுமாவது தனியா மதிப்பு போட்டுக்கங்க.

2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதுல இருந்து எல்லா மனையும் 'கலெக்டர் ஆபீஸ் அஞ்சு நிமிஷம்'. எந்த வண்டியில, எத்தனை மணிக்குன்னு கேட்டா பதில் இல்லை :-) 'பஞ்சாயத்து அப்ரூவ்டு'ன்னா அதுவும் பத்தாது, டிடிசிபி ஒப்புதல் வேணும். 2016-ல ஹைகோர்ட் அப்ரூவல் இல்லாத மனைகளோட பதிவையே நிறுத்தி வெச்சுது, ஞாபகம் இருக்கட்டும். 500 சதுர மீட்டருக்கு மேல போற லே-அவுட்டா இருந்தா ரெரா நம்பரையும் கேளுங்க.

இப்ப புது ஐட்டம், 'கல்வராயன் மலை வியூ'. சங்கராபுரம் பக்கம் மொட்டை மாடி ஏறினாலே ஓசியில தெரியற மலைக்கு எக்ஸ்ட்ரா ரேட்! அதையாவது விட்டுடலாம். வெள்ளிமலை பக்கம் மலை மேலயே இடம் சல்லிசா இருக்குன்னு ஆள் காட்டறாங்களே, அதுதான் ஆபத்து. மேல பாதி காப்புக்காடு. மலையாளி பழங்குடி மக்களுக்கு அரசாங்கம் நிபந்தனையோட ஒப்படைச்ச நிலத்தை வெளியாளுக்கு விக்க முடியாது. "பதிவு வேணாம் சார், அக்ரிமென்ட் போட்டுக்கலாம்"னு சொன்னா, அந்த சல்லிசு விலை எதுக்குன்னு உங்களுக்கே புரியும். உங்க காசு போறது ஒரு பக்கம். அந்த மண்ணை விட்டா வேற நிலம் இல்லாத ஒரு குடும்பம், கையில கொஞ்சம் நோட்டை வாங்கிட்டு திருப்பூருக்கோ கேரளாவுக்கோ கூலிக்கு பஸ் ஏறும்.