துப்பாக்கி கொடுத்தால் பன்றி போகுமா?

பயிரைக் காக்க உழவர் கையில் துப்பாக்கி வேண்டும் என்பது பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் முழக்கம். கார்த்திகை, மார்கழியில் மக்காச்சோளம் பால் பிடிக்கும்போது அது உரத்துக் கேட்கும். தை அறுவடை முடிந்ததும் அடங்கிவிடும். மேடையேறுகிறவர்கள் அதைப் பன்றியோடு நிறுத்துவதில்லை. வெள்ளைக்காரன் பிடுங்கிய ஆயுதத்தைச் சுதந்திர இந்தியா திருப்பித் தரவில்லை என்று தொடங்குவார்கள். சட்டம் உழவனை வெறுங்கையனாக்கிவிட்டது என்பார்கள். குடிமகன் கையில் துப்பாக்கி இருந்தால் பன்றியும் அஞ்சும், அதிகாரியும் அஞ்சுவார் என்று முடிப்பார்கள். நடுவில் அமெரிக்காவும் சுவிட்சர்லாந்தும் தவறாமல் வந்துபோகும். கைதட்டலுக்கு ஏற்ற வரிசைதான். ஒவ்வொரு படியாகத் தட்டிப் பார்த்தால் நிற்பது எது என்பதுதான் கேள்வி.

முதல் படி வரலாறு. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமம் கேட்க வைத்தது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. அது நிறவெறிச் சட்டம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அதற்கு முன்பு இந்தப் பகுதியில் உழவர் வீட்டுக்கு வீடு ஆயுதம் தொங்கியதாகச் சொல்வது கற்பனை. அரியலூரும் உடையார்பாளையமும் பாளையங்கள். அரியலூரில் மழவராயர்கள், உடையார்பாளையத்தில் காலாட்கள் தோழ உடையார்கள். ஆயுதம் இருந்தது அவர்களிடமும் அவர்களின் காவல்காரர்களிடமும்தான். உழவரிடம் இருந்தது அந்தக் காவலுக்குக் கொடுக்க வேண்டிய பங்கு. பாடிகாவல், தேசகாவல் என்ற பெயர்களில் விளைச்சலிலிருந்து அது போனது. காவலுக்குப் பணம் கொடுக்காத ஊரில் களவு போவது எப்படி என்று அந்தக் காலத்துக் குடியானவருக்கு நன்றாகவே தெரியும். 1765-இல் ஆற்காட்டு நவாபின் படை கம்பெனிச் சிப்பாய்களோடு வந்து இரண்டு பாளையங்களையும் பிடித்தபோது, 1801-க்குப் பிறகு தெற்கே பாளையங்களின் ஆயுதங்களைக் கம்பெனி பறித்தபோது, கைமாறியது ஆள்வோரின் ஆயுதம். உழவரிடமிருந்து பிடுங்க அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

இந்த இடத்தில் காந்தி அழைத்துவரப்படுவார். ஆங்கில ஆட்சியின் தீமைகளிலேயே ஆயுதச் சட்டம் மிகக் கருமையானது என்ற பொருளில் அவர் எழுதியது உண்மை. எழுதிய இடமும் சூழலும்தான் மேடைக்கு வருவதில்லை. 1918-இல் கேடா மாவட்டத்தில் அதே ஆங்கில அரசின் படைக்கு ஆள் சேர்க்க அவர் வெளியிட்ட துண்டறிக்கை அது. ஆயுதப் பயிற்சி வேண்டுமானால் பட்டாளத்தில் சேருங்கள் என்பதுதான் அங்கே வாதம். சோளக்கொல்லை அதில் எங்கும் இல்லை. 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது என்பதையும் சிலர் எடுத்துச் சொல்வதுண்டு. அங்கேயும் அது விதிமுறைகளுக்கு உட்பட்ட உரிமைதான்.

அந்தக் கோரிக்கை அரசியல் நிர்ணய சபைக்கும் வந்தது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் ஆயுத உரிமையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். கடையில் போய் யார் வேண்டுமானாலும் தாக்கும் கருவிகளை வாங்கலாம் என்றால் அரசு நிர்வாகம் நடத்துவது எப்படி என்று அம்பேத்கர் கேட்டார். திருத்தம் விழுந்தது. 19-ஆம் பிரிவில் நின்றது ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. சுதந்திர இந்தியா மறந்துபோய்த் திருப்பித் தராமல் விட்டது போன்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. எடுத்துப் பேசி, வாதாடி, வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டது.

இரண்டாவது படி, சட்டம் உழவருக்குத் துப்பாக்கியை மறுக்கிறது என்பது. 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படித்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு குழல்வாய் வழியே மருந்து அடைக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். காவல்துறை விசாரணை உண்டு, மறுத்தால் மேல்முறையீடு உண்டு. இல்லாத சட்டத்துக்காக முழங்குவது எளிது, இருக்கும் சட்டத்துக்கு மனு எழுதுவது கடினம் போலும்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கி உரிமம் ஒரு சட்டம், விலங்கைச் சுடும் அனுமதி வேறு சட்டம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, நிற்கும் பயிருக்குச் சேதம் செய்யும் காட்டுப்பன்றியைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்தில் அனுமதி தர வேண்டும். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பயிரைத் தின்றது என்ற காரணத்துக்காக அதைச் சுட வழியே இல்லை. ஆக, துப்பாக்கியும் உரிமமும் கையில் வைத்திருக்கும் உழவர் அனுமதியின்றிப் பன்றியைச் சுட்டால் வேட்டை வழக்கில் நிற்பார். தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமத் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்விடும். பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி கிடையாது.

மூன்றாவது, துப்பாக்கி பன்றியை விரட்டும் என்ற நம்பிக்கை. பச்சைமலை அடிவாரம் முதல் வேப்பந்தட்டை, குன்னம் வரை மானாவாரி மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நெருங்கி நிற்கும். பன்றி கூட்டமாக வருவது இரவில். சட்டம் பெயர் சொல்லும் துப்பாக்கியோ ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, நார் அடைத்து, ஈயக் குண்டு போட்டு, மறுபடி நார் அடைத்து, கம்பியால் இடித்து, கேப்பு வைத்துச் சுட வேண்டும். சுட்டது ஒரு வெடி. அடுத்த வெடிக்கு இதே வேலை, இருட்டில், முதலிலிருந்து. அதற்குள் கூட்டம் பக்கத்துக் கொல்லைக்குப் போயிருக்கும். காயம்பட்ட தடியன் பன்றி போகாமல் திரும்பி வந்தால் நிலைமை இன்னும் சுவாரசியம். பக்கத்துக் கொல்லையிலும் ஒருவர் கட்டிலைப் போட்டுக் காவல் படுத்திருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சோளத் தட்டை அசைந்தால் அசைத்தது பன்றியா பங்காளியா என்று ஈயக் குண்டு விசாரிக்காது. மின்வேலி போட்டுப் பன்றிக்குப் பதில் மனிதர் செத்த செய்திகள் தமிழ்நாட்டில் குறைவில்லை. அவுட்டுக்காய் என்ற இரை வெடி வைத்து மாட்டின் வாய் கிழிந்த செய்திகளும் அப்படியே. துப்பாக்கி மட்டும் ஆள் பார்த்து வெடிக்கும் என்று எதை வைத்து நம்புவது?

சோதித்துப் பார்த்த ஊரும் ஒன்று உண்டு. குடகு மாவட்டத்தில் கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்போருக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. இந்தியாவில் துப்பாக்கி இவ்வளவு இயல்பாக வீட்டில் இருக்கும் இடங்கள் குறைவு. காப்பித் தோட்டத்துக்குள் யானையும் பன்றியும் வருவது அங்கே நின்றுவிட்டதா என்று குடகுக்காரர்களையே கேட்கலாம்.

அமெரிக்கா, சுவிட்சர்லாந்து பற்றி ஒரு வரி போதும்: முன்னதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேசைக்கடியில் ஒளியப் பயிற்சி பெறுகிறார்கள், பின்னதில் வீட்டுத் துப்பாக்கி என்பது கட்டாயப் படைச்சேவையின் பகுதி.

இனி முழக்கத்தின் உண்மையான உயிர்நிலை. பன்றி ஒரு சாக்கு. ஆயுதம் ஏந்திய மக்களை அதிகாரம் ஒடுக்க முடியாது, மக்களுக்காக ஆயுதம் ஏந்துபவர்கள் மக்களின் காவலர்கள் என்பதே அடியில் ஓடும் நம்பிக்கை. இதைச் சோதிக்க வெளிநாடு போக வேண்டாம், அரியலூர் மாவட்டத்தின் செந்துறைப் பக்கம் போனால் போதும். பொறியியல் படிப்பை விட்டு நக்சல்பாரி இயக்கத்துக்குப் போன தமிழரசன், பிறகு தமிழ்நாடு விடுதலைப் படையைத் தொடங்கினார். 1987 மார்ச்சில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.  செத்தவர்களில் அதிகாரத்தின் உச்சியில் இருந்தவர் ஒருவருமில்லை. ரயில் சீட்டு வாங்கியதைத் தவிர வேறு குற்றம் செய்யாதவர்கள்.

அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று தமிழரசனும் தோழர்களும் செந்துறைப் பக்கத்துப் பொன்பரப்பியில் பாரத ஸ்டேட் வங்கியைக் கொள்ளையிட்டார்கள். திரண்ட கூட்டம் அவர்களை அடித்தது. ஐந்து பேர் செத்தார்கள். மக்களுக்காகத் துப்பாக்கி எடுத்தவர்களை மக்களே கட்டையாலும் கல்லாலும் அடித்துக் கொன்றார்கள் என்பது ஒரு தரப்பின் கதை. கூட்டத்தில் சாதாரண உடையில் போலீசார் கலந்திருந்து தூண்டிவிட்டார்கள் என்பது மறுதரப்பின் கதை. கையில் ஆயுதம் இருந்தும் மக்களைச் சுட மனம் வராமல் அவர் உயிரை விட்டார் என்று ஆதரவாளர்கள் இன்றும் உருகுகிறார்கள். உருகட்டும். ஆனால் இரண்டு கதைகளில் எதை எடுத்தாலும் துப்பாக்கி வாதம் தோற்கிறது. முதல் கதை மெய்யானால், ஆயுதம் மக்களின் நம்பிக்கையைப் பெற்றுத் தரவில்லை. இரண்டாவது மெய்யானால், அரசின் சூழ்ச்சியிலிருந்து ஏந்தியவரையே அது காக்கவில்லை. சுடாமல் இருந்ததுதான் பெருமை என்றால் பெருமை துப்பாக்கிக்குச் சேராது, அதைப் பயன்படுத்தாத கைக்குத்தான் சேரும். சுட்டிருந்தால் செத்திருப்பது பொன்பரப்பிக்காரர்கள். அந்தப் படை பிறகும் ஓயவில்லை. வீரப்பனோடு சேர்ந்து 2000-இல் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியது, 2002-இல் பொடா சட்டத்தில் தடை செய்யப்பட்டது. இத்தனை ஆண்டுத் துப்பாக்கிச் சத்தத்தில் செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டுக் கூலிக்காரரின் கூலி எத்தனை ரூபாய் உயர்ந்தது என்று எந்த வீரவணக்கக் கூட்டமும் சொல்வதில்லை.

பொன்பரப்பியின் கதை 1987-ஓடு முடியவில்லை. 2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாளில், அதே ஊரில் தலித் குடியிருப்புக்குள் புகுந்த கும்பல் வீடுகளை அடித்து நொறுக்கியது. ஓடுகள் உடைந்தன, வண்டிகள் உடைந்தன, ஆட்களுக்குக் காயம். கட்டையும் கல்லும் செய்த சேதம் அது. ஊருக்கு நாற்பது பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி இருந்திருந்தால் அன்றைய மாலை எப்படி முடிந்திருக்கும்? பயிர்ப் பாதுகாப்பு உரிமம் கேட்பவரிடம் பயிர் இருக்க வேண்டும், பயிர் இருக்க நிலம் இருக்க வேண்டும். நிலம் எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவுக்குத்தான் துப்பாக்கி போகும், காலனிக்குப் போகாது. குடிமக்கள் எல்லாருக்கும் ஆயுதம் என்ற பேச்சு, பட்டா புத்தகத்தைத் திறந்ததும் சிலருக்கு மட்டும் ஆயுதம் என்று சுருங்கிவிடும். மேடைகளில் விடுபடும் செய்தி இதுதான், விடுபடுவது தற்செயல் என்று நம்ப முடியவில்லை.

நிலமும் துப்பாக்கியும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது புதிய செய்தியல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் சேரிக்கு வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். பீகாரில் நிலவுடைமையாளர்கள் திரட்டிய ரண்வீர் சேனா 1997 டிசம்பர் 1 அன்று லட்சுமண்பூர் பாதேயில் 58 பேரைக் கொன்றது. அரசு கொடுத்த துப்பாக்கியின் கதையும் வேறல்ல: சத்தீஸ்கரில் அரசே பழங்குடி இளைஞர்களிடம் துப்பாக்கி கொடுத்துச் சல்வா ஜுடூம் நடத்தியது. 2011 ஜூலையில் அது அரசமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றபோது மக்களிடமும் துப்பாக்கி இருந்திருந்தால் என்று கேட்பவர்கள் உண்டு. இருந்திருந்தால் 13 என்ற எண் பெரிதாகியிருக்கும், அவ்வளவுதான்.

இழப்பீடு குறைவு, வனத்துறை தாமதமாக வருகிறது என்ற குறைகள் நியாயமானவைதாம். அவற்றுக்கு மருந்து வனத்துறையிடம் கேட்க வேண்டியது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டில் காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவரே உத்தரவிட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரை அழைக்க முடியும். இரண்டிலும் ஒவ்வொரு கொல்லைக்காரரும் துப்பாக்கி தூக்க வேண்டியதில்லை.

உள்ளூரிலேயே குறிபார்க்கத் தெரிந்தவர் வேண்டும் என்றாலும் தேடி அலைய வேண்டாம். பெரம்பலூர் மாவட்டத்தின் எறையூரிலும் மலையப்பநகரிலும் நரிக்குறவர் குடும்பங்கள் வாழ்கின்றன. தமிழ்நாட்டில் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிக்கு நெடுங்காலம் உரிமம் பெற்றுவந்த சமூகம் அது. 1972 சட்டம் வேட்டையை நிறுத்தியபோது பிழைப்பை இழந்ததும், முயலுக்கும் காடைக்கும் வழக்கு வாங்கியதும் அவர்கள்தான். 2023 ஜனவரியில்தான் பழங்குடியினர் பட்டியலில் இடம் கிடைத்தது. உழவர் கையில் துப்பாக்கி கேட்கும் எந்த மேடையும், ஏற்கெனவே துப்பாக்கி பழகிய இந்தக் கைகளுக்கு வனத்துறையில் ஒரு வேலை கேட்டதில்லை.