இலைக்கு முன் நீர்

மழைக்காலம் பிறந்துவிட்டால் மலையடிவாரத்துச் சித்த மருத்துவர்களிடம் காயத்தோடு வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். கொடுவாள் பட்டது, முள் ஏறியது, பாறையில் வழுக்கி விழுந்தது, அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டது எனப் பலவகை. பேருந்து நிற்கும் இடத்துக்கே சில மணி நேரம் நடக்க வேண்டிய ஊர்களில் முதல் மருந்து காட்டிலிருந்துதான் கிடைக்கும். அந்த முதல் மருந்தை எந்த வரிசையில், எந்த எல்லைவரை பயன்படுத்துவது என்பதை மக்களுக்குத் தெளிவாகச் சொல்லும் பொறுப்பு நம்முடையது.

இலைக்கட்டோடு வரும் காயத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குச் சிக்கல் எங்கே என்று தெரியும். மேலே வெட்டுக்காயப் பூண்டின் கசக்கிய இலை கறுத்து ஒட்டியிருக்கும். நனைத்து எடுத்தால் அடியில் இலை நார், அதற்கும் அடியில் மணல், சில வேளை முள்ளின் முறிந்த நுனி. விளிம்பு சிவந்து வீங்கித் தொட்டால் சுடும். பச்சிலை கேட்கவில்லை என்பார் நோயாளி. கழுவாத காயத்தில் எந்தப் பச்சிலையும் கேட்காது.

குடிக்கத் தகுந்த நீர் காயம் கழுவவும் தகுந்தது. காயத்தைக் குழாய்நீரால் கழுவுவதையும் உப்புநீரால் கழுவுவதையும் ஒப்பிட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, நல்ல குழாய்நீரால் தொற்று கூடியதாகக் காட்டவில்லை. காட்டில் ஓடைநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளலாம். அதைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் ஊற்றி, மூலையில் ஊசியால் துளையிட்டு அழுத்தினால் நீர் வேகமாகப் பீய்ச்சும். ஒரு லிட்டருக்குக் குறையாமல், கண்ணுக்குத் தெரியும் மண் போகும்வரை கழுவ வேண்டும். அழுக்கேறிய காயத்தை உடனே தைத்து மூடக் கூடாது.

கழுவிய பிறகு தேனுக்கு நல்ல இடம் உண்டு. அதன் சர்க்கரைச் செறிவு கிருமியிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. புளிப்புத்தன்மை கிருமியை வளரவிடுவதில்லை. புண்ணின் நீரோடு கலக்கும்போது அதிலுள்ள நொதி சிறிது சிறிதாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. மனுகா வகைத் தேன் கொண்ட காயக்கட்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் அனுமதி அளித்தது. மேலோட்டமான தீப்புண் தேனால் விரைவாக ஆறுகிறது என்று 2015இல் வந்த காக்ரேன் தொகுப்பும் சொல்கிறது. ஆனால் அந்த மருத்துவத் தேன் காமாக் கதிரால் தூய்மையாக்கப்பட்டது. நம் மலைத்தேனில் கிளாஸ்ட்ரிடியம் வித்துகள் இருக்கக்கூடும். ஆகவே கழுவிய, ஆழமில்லாத புண்ணுக்கு மட்டும் அதைப் பரிந்துரைப்போம். குத்துக்காயத்துக்கும் கைக்குழந்தைக்கும் வேண்டாம்.

ஊமத்தை இலைச்சாறு, தேங்காயெண்ணெய், துருசு சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் ஆறாப் புண்ணுக்கு நம் கைகண்ட மருந்து. பச்சை எண்ணெய் என்றே கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. முறைப்படி காய்ச்சி வடித்த தைலம் வேறு, காட்டில் கசக்கிப் பிழிந்த பச்சைச் சாறு வேறு. ஊமத்தையிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபொலமினும் திறந்த புண் வழியே உடலில் ஏறினால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, பிதற்றல் வரலாம். இந்த வேறுபாட்டை நோயாளிக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். காப்பித்தூள், சாணம், சுண்ணாம்பு ஆகியவற்றைத் திறந்த காயத்தில் அப்பும் வழக்கத்தை அறவே நிறுத்தச் சொல்ல வேண்டும். ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. காற்றுப் புகாத ஆழத்தில்தான் அவை முளைக்கின்றன.

சில நிலைகளில் இலையைத் தேடுவதே ஆபத்து. காயத்திலிருந்து சிவப்புக்கோடு மேலேறுவது, குளிர்காய்ச்சல், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டுவது, காயத்தின் அளவுக்கு மீறிய வலி, அழுத்தினால் தோலுக்கடியில் நறநறப்பது, தாடை இறுகுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் வலியே இல்லாமல் போகலாம். அதற்காகப் பொறுத்துப் பார்க்கக் கூடாது. நாய், நரி, குரங்கு கடித்தால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு அனுப்ப வேண்டும். மஞ்சளோ மிளகாயோ வைக்கக் கூடாது. பாம்புக்கடியில் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. மண்பட்ட காயம் எதுவானாலும் ரணஜன்னித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்பது, நாடி பார்ப்பதைப் போல நமக்குப் பழக்கமாக வேண்டும்.

நம் மருந்துகளுக்கு மதிப்பு கூட வேண்டுமானால் அவற்றின் எல்லையை நாமே சொல்லிப் பழக வேண்டும். மலையோரத்தில் மருத்துவம் பார்க்கும் ஒவ்வொருவரும் இந்தப் பருவத்தில் தேனெடுப்பவர்களையும் வனக்காவலர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் ஒருமுறையாவது கூட்டி, காயம் கழுவுவதைச் செய்து காட்டுங்கள். காயத்துக்கு வந்தவர்களைப் பற்றிய குறிப்பும் எழுதி வையுங்கள்: என்ன காயம், எத்தனை மணி நேரம் கழித்து வந்தார், எப்படிக் கழுவினோம், என்ன வைத்தோம், எத்தனை நாளில் ஆறியது அல்லது ஏன் அனுப்பினோம். பலித்ததைப் போலவே பலிக்காததையும் எழுதுங்கள். இரண்டையும் இந்த இதழில் வெளியிடுவோம்.